பிலிப்பினோ அக்காவுக்காக நான் சொன்ன விளக்கம்

முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது காலையோ நாலாவது காலையோ, சரியாக நினைவில்லை. வாசலில் குவித்த பனி அழுக்கேறிக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. என்னோடு சோடியாகப் போடப்பட்டிருந்த பிலிப்பினோ அக்கா ஓர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். திரைச்சீலையை விலக்கவில்லை, விளக்கைப் போடவில்லை. நேரே கட்டிலடிக்குப் போய்க் குனிந்து, அதில் படுத்திருந்த தொண்ணூறு வயது நோர்வேஜிய அம்மாவின் வலது கையை எடுத்து, அதன் புறங்கையைத் தன் நெற்றியில் மெல்ல ஒற்றினார். அதன் பிறகுதான் காலை வணக்கம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் கடைசித் தரிப்புவரை நின்றுகொண்டே வருகிற சனத்தின் நாடு இது. அந்த நாட்டில், சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருத்தி, எந்த உறவுமில்லாத ஒரு கிழவியின் கையைத் தூக்கி நெற்றியில் வைக்கிறாள். நான் துவாயைப் பிடித்தபடி வாசலிலேயே விறைத்துப்போய் நின்றேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் தாதியாக இருந்தவர். ஒஸ்லோவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க வந்து, பிறகு அந்தத் தாதிப் படிப்பு இங்கே செல்லாது என்றதால் பராமரிப்பு உதவியாளராக வேலை தொடங்கியவர். நகரின் தெற்கோரம், ஹவுகெட்டோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருந்தார். கணவர் கப்பலில் வேலை; வருடத்தில் பாதி நாள் கடலில். சனிக்கிழமைகளில் பிலிப்பினோப் பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேர்த்து, இரண்டு பேர் நிலத்தில் தட்டும் மூங்கில்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொள்ளாமல் துள்ளி ஆடும் ஆட்டத்தைப் பழக்குவார். டிசம்பரில் நட்சத்திரம் போல ஒரு காகிதக் கூடு செய்து ஜன்னலில் விளக்கோடு தொங்கவிடுவார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, முந்திய ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, அங்கே கொடுத்த அரிசிப் பலகாரத்தை எங்களுக்கும் கொண்டுவந்து தருவார். வேலையில் அவர் பேசும் நோர்வேஜிய மொழிக்கு வாலில் ஒரு ‘போ’ இருக்கும். அது அவர்கள் மொழியில் மரியாதைக்குப் போடும் சொல். எங்கள் ‘வாங்கோ, இருங்கோ’வில் வருகிற ‘ங்கோ’ மாதிரி. கிழவருக்கு மருந்து கொடுத்துவிட்டு அவர் “போ” என்று முடித்ததைக் கேட்டு முதல் வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

நாங்கள் இருவரும் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான், அதுவும் ஆளுக்கொரு விதமாக உடைத்த நோர்வேஜிய மொழி. ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அந்த முதல் வாரத்திலேயே நான் கேட்டேன், இது என்ன அக்கா என்று. துவாய்களை மடித்தபடியே சொன்னார்: “எங்கட ஊரிலை வயசான ஆக்களைக் கண்டால் இதுதான். இதைச் செய்யாட்டில் நான் அறைக்குள்ளை வரவே இல்லை எண்டுதான் கணக்கு.” நானும் தலையாட்டினேன். ஓ, எங்கள் காலில் விழுகிற பழக்கம்தான் என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. அவருடைய சாமானை எடுத்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டின மாதிரித்தான் அது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. விளக்கம் சொல்லும் வியாதி. வேலையிடத்தில் யாராவது ஒரு நோர்வேஜியர் பொட்டு ஏன் என்று கேட்டால், பொட்டில் தொடங்கித் தாலியில் இறங்கித் தைப்பொங்கலில் போய்த்தான் நிற்பேன். கேட்டவரின் கோப்பி ஆறிவிடும். அதோடு விட்டேனா? சோமாலியப் பெண்ணின் நோன்புக்கும், போலந்துக்காரரின் நத்தார் மீனுக்கும்கூட நான்தான் விளக்கம். வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து என்னைத் தூதுவராக யாரோ நியமித்துவிட்ட நினைப்பு எனக்கு. ரொம்மனில் எங்கள் வீட்டில் என் கணவர் சிரிப்பார்: “உம்மட்டை ஒண்டு கேட்டால் மூண்டுக்கு மறுமொழி சொல்லுவீர். அதிலை ரெண்டு பிழையாயிருக்கும்.” நானும் சேர்ந்து சிரிப்பேன். பிழை சொன்னால் என்ன, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்த காலம் அது.

நான் முதலில் சொன்ன அந்தத் தொண்ணூறு வயது அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். கண்டிப்பான மனுஷி. தொடக்கத்தில் அக்கா கையைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாராம். ஆனால் நாள் போகப் போக அவரே பழகிவிட்டார். நான் வந்து இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் சொந்த மகளைப் பார்த்து, நீங்கள் எந்த வகுப்புப் பிள்ளையின் தாய் என்று கேட்பார். ஆனால் காலையில் கதவிடுக்கில் அக்காவின் தலை தெரிந்ததும் போர்வைக்குள் இருந்து கை வெளியே வந்துவிடும். மணிக்கட்டைச் சற்று மடக்கி, புறங்கையை மேலே காட்டி, எடுத்துக்கொள் என்கிற மாதிரி நீட்டுவார். அது முடிந்தால்தான் கஞ்சி வாய்க்குள் போகும். நான் போனால் கை வராது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஒரு நத்தார் விடுமுறையில் ஹவுகெட்டோ வீட்டுக்குப் போனபோது அக்காவின் மகளுக்கு ஏழு வயது. கதவு திறந்ததும் ஓடிவந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து நெற்றியில் டக்கென்று வைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே விளையாடப் போய்விட்டாள். பக்தியும் இல்லை, பயமும் இல்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் விடுவது போல ஒரு காரியம். அங்கே இருந்த மற்றப் பெரியவர்களுக்கும் அப்படியே செய்திருந்தாளாம். அன்றைக்கே எனக்குப் புத்தியில் பட்டிருக்கவேண்டும், இது காலில் விழுவது இல்லை என்று. எங்கே பட்டது? என் வயதை எனக்கே காட்டிவிட்டாளே என்று சிரித்துவிட்டுப் பலகாரத்தில் கைவைத்தேன்.

பிறகு எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தார். நல்லவர். எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் பெயரையும் ஒரு வாரத்தில் பாடமாக்கியவர். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பாணுக்கு மேல் சீஸ் சீவியபடி அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “நீ அறைக்குள் போனதும் அவர்கள் கையை நெற்றியில் வைக்கிறாயே, அது என்ன? பார்க்க அழகாக இருக்கிறது.” அக்காவின் வாயில் சோறு இருந்தது. அதை அவர் விழுங்க எடுத்த இரண்டு விநாடிக்குள் நான் தொடங்கிவிட்டேன்.

“எங்கள் நாடுகளில்” என்றுதான் ஆரம்பித்தேன், யாழ்ப்பாணத்துக்கும் மணிலாவுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருக்கிற மாதிரி. வயது போனவர்கள் தெய்வத்துக்குச் சமம் என்றேன். கல்யாணத்திலும் வருசப் பிறப்பிலும் அவர்கள் காலில் விழுந்து கும்பிடுவோம், அவர்கள் ஆசீர்வதித்தால் எங்களுக்குப் புண்ணியம் என்றேன். இவர் காலுக்குப் பதில் கையை வணங்குகிறார், இதுவும் ஒரு வழிபாடுதான் என்று முடித்தேன். அக்கா விழுங்கிவிட்டு, “அப்படியெண்டு இல்லை…” என்று வாயெடுத்தார். “ஓம் ஓம், அதுதான், அதுதான்” என்று நான் அவர் வாயையும் மூடிவிட்டேன். தலைவி கத்தியைக் கீழே வைத்தார். “வழிபாடா?” என்று ஒருமுறை கேட்டார். “ஓம்” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நோர்வேஜியருக்கு ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியில் அன்று இரண்டாவது கோப்பியும் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மாதாந்தக் கூட்டம். காலை வேலை முடிந்து எல்லோரும் கறுவா மணக்கும் இனிப்புப் பணிஸும் கோப்பியுமாக இருந்தோம். கடைசி விஷயமாகத் தலைவி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். மறதி நோய் உள்ளவர்கள் ஒன்றுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாதவர்கள். ஆகவே வேலை செய்பவர்கள் தங்கள் சமயச் சடங்கு எதையும் அவர்களிடம் செய்யக்கூடாது, அது எந்தச் சமயமானாலும் சரி. யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியது. அக்கா கையில் இருந்த பணிஸைத் தட்டில் வைத்தார். “இது என்னைப் பற்றியோ?” என்று கேட்டார். தலைவி கனிவாகத்தான் சொன்னார், அது ஒரு வழிபாடு என்று எங்களுக்கு விளக்கப்பட்டிருக்கிறது என்று. “ஆர் விளக்கினது?” என்று அக்கா கேட்டார். தலைவி என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். நன்றியோடு புன்னகைத்தார். “இவர்தானே அன்றைக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னார்!”

என் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார், தெரியாத ஒருத்தி தன் வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்திருப்பதைக் கண்டவர் போல. பிறகு தலைவியிடம் சொன்னார்: “அது சமயம் இல்லை. தேவாலயம் எங்கட நாட்டுக்கு வர முந்தியே இருந்தது எண்டு சொல்லுவினம். அது ஒரு வணக்கம். நீங்கள் கைகுடுக்கிற மாதிரி.” தலைவி மகிழ்ந்துபோனார். “அப்படியென்றால் பிரச்சினையே இல்லை. நாம் எல்லோரும் கைகொடுப்போம்!” மேசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இப்போதாவது நான் வாய் திறந்திருக்கவேண்டும். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், அது என் ஊர்க் கதை, இவருடையது இல்லை என்று ஒரு வசனம். அதற்கு எனக்கு நோர்வேஜிய மொழி போதும். ஊரெல்லாம் ஓயாமல் கதைத்த வாய், கதைக்கவேண்டிய ஒரேயொரு இடத்தில் மூடிக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அதிர்ச்சிதான்.

அடுத்த நாள் காலை அந்த அறைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போனோம். கதவு திறந்ததும் போர்வைக்குள் இருந்து கை வெளியே வந்தது. அக்கா சட்டைப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, காலை வணக்கம் சொன்னார். ‘போ’ இல்லை. கை நீட்டியபடியே நின்றது. பிறகு அக்கா தன் கையை வெளியே எடுத்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார், வங்கியில் முகாமையாளரோடு குலுக்குவது போல. அதிபர் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று கஞ்சி இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்று வாரம்வரை அந்தக் கை காலையில் வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் வரவில்லை. அவர் இறந்தது அதற்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான், வேறு நோயில்; நான் இதையும் அதையும் முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் அந்தக் கை வராமல் போன காலையில் நான் துணி வைக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன்.

தலைவியிடம் நான் போகாமல் இல்லை. பிந்தித்தான் போனேன், ஆனால் போனேன். நான் சொன்னது பிழை என்றேன். அது என் ஊர் வழக்கம், அதை இவருக்குப் போர்த்திவிட்டேன் என்றேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்: “இத்தனை வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த உனக்கே அது என்னவென்று தெரியவில்லை என்றால், அந்த வயதான பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?” அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும், அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியாது.

அக்கா என்னோடு கோபிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒரேயொரு தடவை, உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கட்டியபடி சொன்னார்: “நீர் என்னை உம்மட ஊர் ஆள் எண்டு நினைச்சிட்டீர். அது அன்பிலைதான் எண்டு எனக்கு விளங்குது. ஆனால் நான் உம்மட ஊர் ஆள் இல்லை.” ஆறு மாதத்தில் ஹவுகெட்டோவுக்குக் கிட்ட வேறொரு இல்லத்துக்கு மாறிப்போனார். போக்குவரத்துச் சுகம் என்று காரணம் சொன்னார். நான் அதை நம்பினதாக நடித்தேன்.

போன வசந்தத்தில் அவரே அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கட ஊர் நூடில்ஸ் சமைக்கிறன், வாரும் என்றார். கதவைத் திறந்தது மகள். என்னைவிட உயர்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமில்லை, பழைய நினைவில் வலது கை தானாக நீண்டுவிட்டது, புறங்கை மேலே. அவள் அதைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினாள். “ஹெய்” என்று சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமயிரைக் கோதிக்கொண்டேன்.

வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படங்கள். பெரிய மேடை, வண்ண உடுப்பு, மூங்கில், நடுவே காற்றில் நிற்கும் பிள்ளைகள். நகரத்தின் கலாசார விழாவில் ஆடினார்களாம். சனம் எழுந்து நின்று கைதட்டினதாம். நட்சத்திரக் கூடு செய்யப் பழக்க நூலகத்தில் கூப்பிட்டார்களாம். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் மெச்சினேன், மனமாரத்தான் மெச்சினேன். பிறகு குசினியில் நாங்கள் இருவரும் தனியாக நின்றபோது வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், பிள்ளை இப்போது பெரியவர்களின் கையை நெற்றியில் வைப்பதில்லையா என்று. அக்கா அடுப்பைக் குறைத்தார்.

“விட்டிட்டம்” என்றார். “நான் உம்மட இடத்திலை இருந்து மாறி வந்த வருசம். வகுப்பிலை எல்லாரும் வீட்டுப் பழக்கம் ஒண்டைச் செய்து காட்டோணுமாம். இவள் இதைக் காட்டியிருக்கிறாள். ரீச்சர் நல்லவ. சும்மா ஒரு கேள்விதான் கேட்டவவாம், நீ விரும்பிச் செய்யிறியோ, இல்லாட்டிச் செய்யத்தான் வேணுமோ எண்டு. பிள்ளை வந்து என்னட்டைக் கேக்குது, மம்மா, நான் விரும்பித்தான் செய்யிறனோ எண்டு.” கரண்டியை அடுப்பில் ஒருமுறை தட்டினார். “எனக்கு அந்தக் கூட்டந்தான் ஞாபகம் வந்தது. ஓம் எண்டும் இல்லை எண்டும் சொல்ல ஏலாத ஆக்களிலை செய்யக்கூடாது எண்டு வாசிச்சவை. சின்னப் பிள்ளையும் அப்பிடித்தானே? நான்தானே பழக்கினனான். மனுசன் கப்பலிலை, நான் தனியப் பிள்ளை வளக்கிறன். ஆரும் எங்கையும் எழுதிப்போட்டால்?”

யாராவது எழுதினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். யாரும் ஒரு கடிதம் போடவில்லை, யாரும் வீட்டுக்கு வரவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் நலன் பார்க்கும் அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலே, பிள்ளையை எடுத்துப்போய்விடுவார்கள் என்ற பயத்தில், இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் குரலைத் தாழ்த்துவோம். எனக்கு அது தெரியும். ஆனால் இங்கே எந்த அலுவலகமும் வரவில்லை. ஒரு மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நான் பெருமைக்குச் சொன்ன விளக்கம்தான் இங்கே வந்து, இந்தக் குசினிவரை நடந்து, ஒரு தாயையும் மகளையும் பிரித்து நிறுத்தியிருக்கிறது. மேடையில் ஆடுவதற்கு யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. அதற்குக் கைதட்டினார்கள், அதனால் அது பிழைத்துக்கொண்டது. வாசலில் தினம் நடக்கிற, யாரும் படமெடுக்காத அந்த ஒரு விநாடிக் காரியத்தைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்போமா என்று நினைத்தேன். இனியும் ஒரு விளக்கமா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர்தானே. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குனிந்து, ஈரம் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய வலது கையைப் பிடித்து என் நெற்றிக்குக் கொண்டுபோனேன். விரல் நெற்றியில் படுவதற்குள் அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தன் சொந்தக் குசினியில் நின்றுகொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.